முன்னூற்று ஒன்றாவது விண்ணப்பம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், வருகிற மார்ச்சில் என் மேப்பிள் மரங்களில் எத்தனை வாளி கட்டினாலும் ஒரு சொட்டு இனிப்புநீர் இறங்காமல் போகட்டும்! என் டிராக்டர் நட்ட நடு ஏற்றத்தில் உயிரை விடட்டும்! எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. இதைக் கேட்டும் நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம்தான்.

க்ரம்ஹில் பல்கலைக்கழகத்தில் ஹைரம் டட்டில் என்று ஒருவர் இருந்தார். பார்வையாளர் வழிகாட்டி என்பது உத்தியோகம். பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வருகிற குடும்பங்களுக்கு முன்னால், அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, கட்டடம் கட்டடமாகக் காட்டவேண்டும். வழிகாட்டி திரும்பி நடந்தால் மரியாதைக் குறைவு என்று ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கமிட்டி தீர்மானித்துவிட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டில் எந்தக் கல்லூரி வழிகாட்டியும் முன்னால் பார்த்து நடந்ததில்லை.

ஹைரம் இருபத்திரண்டு வருஷமாகப் பின்னால் நடந்தார். குதிகாலில் கண் முளைத்துவிட்டது என்றே சொல்லலாம். முன்பக்கமாக நடந்தால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அப்பம் வாங்க அவர் பீடத்தை நோக்கிப் பின்பக்கமாக வந்ததைப் பார்த்து, ஆள் கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்த பாதிரியார் பாதி வழிக்கு ஓடிவந்து சமாதானம் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்குச் செப்டம்பர் கடைசியில் ஓர் அழைப்பு வந்தது. தலைவர் அறைக்குப் போனார். அங்கே தலைவர் டாக்டர் கோர்ட்னி வான்ஸ்லைக் அம்மையாரும், புதிதாக நியமிக்கப்பட்ட துணைத்தலைவர் ப்ரைஸ் ஹாலண்டரும் இருந்தார்கள். துணைத்தலைவருக்குக் கையில்லாத கம்பளிச் சட்டை. பதவியின் முழுப்பெயர் 'வருகை அனுபவம் மற்றும் இலையுதிர்கால ஒருங்கிணைப்பு'.

"உக்காருங்க ஹைரம். அறங்காவலர் குழுகிட்டேருந்து கடிதம் வந்திருக்கு" என்றார் தலைவர்.

"நல்ல சேதியா மேடம்?"

"நல்ல தாள்ல வந்திருக்கு."

கடிதத்தின் சாரம் இதுதான். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கவிருக்கும் திறந்த வாசல் நாளில் வருகைப் பதிவேட்டில் முன்னூறு குடும்பங்கள் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வருகிற ஜூனில் பல்கலைக்கழகம் மூடப்பட்டு, மலைச்சரிவு பனிச்சறுக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்படும்.

"போன வருஷம் எத்தனை குடும்பம் வந்துது?" என்று கேட்டார் ப்ரைஸ்.

"பத்தொன்பது. அதுல பதினொன்னு, இலை செவக்கறதை வேடிக்கை பாக்க வந்த சுற்றுலா பஸ்ஸிலேருந்து இறங்கி கழிப்பறை எங்கன்னு கேட்டவங்க" என்றார் ஹைரம்.

"அவங்க கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாத்தான் சாவி தருவேன்னு சொன்னேன்."

தலைவர் அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

ஹைரம் அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. தெரிந்த ஒரே தொழில் பின்னால் நடப்பது. பனிச்சறுக்குக் கம்பெனியில் இந்தத் திறமைக்கு என்ன வேலை தருவார்கள்? தந்தாலும் எத்தனை நாள் உயிரோடிருக்க முடியும்?

ஏற்பாடுகள் உரிய தீவிரத்துடன் தொடங்கின. விளம்பரப் படத்தில் சிவப்பு மேப்பிள் இருப்பதால், வளாகத்து மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'இலை உதிர்வு, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வரை ஒத்திவைக்கப்படுகிறது.' வியாழக்கிழமை காற்று அந்த அறிவிப்புகளோடு இலைகளையும் சேர்த்து எடுத்துப் போனது. உடனே துணைத்தலைவர் விளம்பரத்தைத் திருத்தினார்: 'தடையற்ற வானக் காட்சி.'

அடுத்த சிக்கல் மாணவர்கள். க்ரம்ஹில்லில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவரும் எழுந்ததாக வரலாறு இல்லை.

"அதுலயும் நாப்பது பேரை நான் மத்த கல்லூரிகளோட திறந்த வாசல் நாளுக்கு அனுப்பிட்டேன். அவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வர" என்றார் ப்ரைஸ்.

"உளவுக்கா?" என்றார் ஹைரம்.

"ச்சே! ஒப்பீட்டு ஆய்வு."

"அப்ப இங்க மாணவர்னு யாரைக் காட்டுறது?"

"நம்ம ஊழியர்கள் இருக்காங்களே. மாணவத்தன்மைங்கறது ஒரு மனநிலைதானே ஹைரம்?"

ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கணக்குப் பிரிவின் தலைமை எழுத்தர் முட்டிவலியோடு புல்வெளியில் பிளாஸ்டிக் வட்டத்தட்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார். சமையற்கூட மேற்பார்வையாளர் அம்மாள் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி யோசித்தார். மண்ணியல் பேராசிரியர் ஆல்வின் க்ராக்கெட், வயது எழுபத்தொன்று, மொட்டை மரத்தடியில் கிதாருடன் அமர்த்தப்பட்டார். சட்டையில் பெயர்ச்சீட்டு: 'ஆல்வின், இரண்டாம் ஆண்டு.'

வைக்கோல் கட்டு, பூசணிக்காய், சூடான ஆப்பிள் சாறு, சர்க்கரை தூவிய டோனட் எல்லாம் தயார். எட்டு பேர் வந்தாலே அதிகம் என்று ஹைரம் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டிகள் வரத் தொடங்கின.

ஐம்பது. நூறு. வண்டி நிறுத்த இடமில்லாமல் கால்பந்து மைதானத்தைத் திறந்தார்கள். பதினொரு மணிக்குப் பதிவேட்டில் முன்னூறாவது கையெழுத்து விழுந்தது. தலைவர் அம்மையார் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்து அழுதார். கடைசியாக ஒரு பழைய சரக்குவண்டி வந்து நின்றது; சாணம் அப்பிய ரப்பர் காலணியோடு ஒருவர் இறங்கினார், கூடவே ஒரு பெண். பால்பண்ணைக்காரர் அர்மான் பெல்லரோஸ், அவர் மகள் கோரா. முன்னூற்று ஒன்று.

வந்தவர்கள் எல்லாருமே தங்கமான மனிதர்கள். அவ்வளவு அக்கறை! ஒரு தகப்பன் டோனட்டின் விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டார். ஒரு தாய் பிரசுரத்தை முகர்ந்து பார்த்து, "எந்த அச்சகம்?" என்றாள். பிள்ளைகள்தான் கொஞ்சம் முற்றல். ஒரு 'மகனுக்கு' முன்மண்டை வழுக்கை. ஹைரம் ஒன்றையும் சந்தேகிக்கவில்லை. முன்னூறு வந்ததே, அது போதும்.

முதல் குழுவாக நாற்பது பேரை அழைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். அந்தக் குழுவில்தான் அர்மானும் கோராவும் இருந்தார்கள். மணிக்கூண்டு காட்டினார், தலையாட்டினார்கள். உணவுக்கூடம் காட்டினார், குறித்துக்கொண்டார்கள். அப்புறம் வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொன்னார். நாட்டிலுள்ள அத்தனை வழிகாட்டிகளும் பயிற்சியின் முதல் நாளில் மனப்பாடம் செய்கிற வாக்கியம்.

"சரி, இப்போ என் கூடவே நூலகத்துப் பக்கமா வாங்க."

சொல்லி முடிக்கவில்லை. முப்பத்தெட்டு பேர் ஒரே நேரத்தில் சடக்கென்று முதுகைக் காட்டித் திரும்பினார்கள். முப்பத்தெட்டு வலது கை நூலகத்தை நோக்கி நீண்டது. முப்பத்தெட்டு வாயிலும் ஒரே புன்னகை. பிறகு அத்தனை பேரும் பின்பக்கமாக நடந்தபடி, ஒரே குரலில், "பின்னால படி இருக்கு, பாத்து வாங்க!" என்றார்கள்.

ஹைரம் முப்பத்தெட்டுப் பின்மண்டைகளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்வையாளர்களின் பின்மண்டையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

இரண்டு பேரின் முகம்தான் தெரிந்தது.

"என்னங்க இது? இங்க எல்லாருமே இப்படித்தான் நடப்பாங்களா? எங்க மாடுங்க கூட இப்படிப் பண்ணாது" என்றார் அர்மான்.

"அப்பா, சும்மா இரு. படிச்சவங்க" என்றாள் கோரா.

ஹைரம் அந்தக் கூட்டத்தில் டோனட் அளந்த தகப்பனைத் தனியே ஆப்பிள் சாற்று மேசைக்கு ஒதுக்கினார்.

"எந்தக் கல்லூரி?"

"நானா? நான் அப்பா."

"எந்தக் கல்லூரி அப்பா?"

மனிதர் சாற்றைக் கீழே வைத்தார். "மெயின் மாநிலம். சேர்க்கைப் பிரிவு. தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க. அதோ அந்த வழுக்கை, அவன் என் பையன் இல்ல. எங்க பொருளாளர்."

"மத்தவங்க?"

"எனக்குத் தெரிஞ்ச முகம்தான் எல்லாம். அந்தச் சிவப்புத் தொப்பி நியூ ஹாம்ப்ஷயர். ரெட்டைப் பிள்ளை மாதிரி நிக்கிறாங்களே, அவங்க கனெக்டிகட்ல ரெண்டு டீன். போன சனிக்கிழமை எங்க கல்லூரிக்கு எல்லாருமா வந்திருந்தாங்க. அடுத்த சனிக்கிழமை அவங்க இடத்துக்கு நாங்க போறோம்."

"அப்ப நெசமான குடும்பங்க எங்க போகுது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதைக் கண்டுபிடிக்கத்தாங்க நாங்க ஊர் ஊரா சுத்துறோம்."

இதற்குள் கோரா மொட்டை மரத்தடிக்குப் போயிருந்தாள். கிதார் வைத்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவரிடம், "இங்க மண்ணியல் சொல்லித் தருவாங்களா? எங்க மேற்கு மேய்ச்சல்ல மூணு வருஷமா புல்லே பிடிக்க மாட்டேங்குது. சுண்ணாம்பும் போட்டுப் பாத்தாச்சு" என்று கேட்டாள்.

கிதார் கீழே விழுந்தது. பேராசிரியர் க்ராக்கெட்டிடம் ஒன்பது வருஷமாக யாரும் மண்ணைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. "மண்ணு என்ன நிறம்? தோண்டினா தண்ணி எத்தனை அடியில நிக்குது? கையில உருட்டினா உருளுதா, உதிருதா?" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

எங்கிருந்தோ ப்ரைஸ் பாய்ந்து வந்தார். "ஆல்வின்! நீ ரெண்டாம் ஆண்டு! உனக்கு இதெல்லாம் தெரியாது!"

"தெரியுமே! முப்பத்தாறு வருஷமா..."

"அடுத்த வருஷம்தான் தெரியணும்! உக்காந்து வாசி!"

அன்று மாலை ஹைரம் தலைவர் அறைக்குப் போய் உண்மையைப் போட்டு உடைத்தார். "மேடம், முன்னூத்தியொரு குடும்பத்துல முன்னூறும் மத்த கல்லூரி ஆளுங்க."

"மீதி ஒன்னு?"

"நெசமாவே படிக்க வந்த பொண்ணு."

ப்ரைஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒருத்தியா! போன வருஷத்தைவிட எத்தனை மடங்கு!"

"போன வருஷம் நெசமானது எத்தனை பேர்?" என்றார் தலைவர்.

"எண்ணல மேடம். கழிப்பறை கேக்காத எட்டையும் நெசம்னு நம்பிட்டோம்" என்றார் ஹைரம்.

பதிவேட்டில் கையெழுத்து எண்ணிக்கை இருந்ததால் ஜூன் ஆபத்து நீங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் நவம்பரில் அறங்காவலர்களின் இரண்டாவது கடிதம், அதைவிட நல்ல தாளில் வந்தது. கையெழுத்து மகிழ்ச்சியளிக்கிறது, எனினும் நாட்டின் தரவரிசைப் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் வராவிட்டால் பனிச்சறுக்குக் கம்பெனியே வழி.

க்ரம்ஹில் அப்போது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவை என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல் வரும், அதிலும் இல்லை.

மூன்று நாள் துணைத்தலைவரின் அறைக்கதவு திறக்கவில்லை. நான்காம் நாள் ப்ரைஸ் தலைமுடி கலைந்து வெளியே வந்து, ஹைரமையும் இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். முகத்தில் ஒளி.

"ஒரு கல்லூரி உசத்தியா இல்லையான்னு எப்படிச் சொல்றாங்க? எத்தனை பேரை வேணாம்னு தள்ளுதுன்னு பாத்துத்தானே? நூறு பேர் கேட்டு அஞ்சு பேரைச் சேத்தா உசத்தி. மூணு பேரைச் சேத்தா இன்னும் உசத்தி. நம்மகிட்ட இப்போ முன்னூத்தியொரு விண்ணப்பம் இருக்கு."

இருந்தது உண்மைதான். வேஷம் கலையக் கூடாதே என்று ஒற்றர்கள் எல்லாரும் அன்றைக்கே விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். கட்டுரை வேறு எழுதியிருந்தார்கள். 'என்னை மாற்றிய ஒரு தோல்வி' என்ற தலைப்பில் மெயின் மாநிலப் பொருளாளர் எழுதியதைப் படித்துவிட்டுத் தட்டச்சுக்கார அம்மாள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள்.

"முன்னூறு பேரையும் தள்ளிடுவோம். யாரும் சண்டைக்கு வரப் போறதில்ல" என்றார் ப்ரைஸ்.

"அந்தப் பொண்ணைச் சேத்துக்குவோம்" என்றார் ஹைரம்.

ப்ரைஸ் மேசைமேல் விரலால் ஒரு பூஜ்யம் வரைந்தார்.

"ஒருத்தியைச் சேத்தா பூஜ்யம் புள்ளி மூணு மூணு சதவீதம். ரொம்ப நல்ல எண்தான். ஆனா ஒருத்தியையும் சேக்கலைன்னா பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழ எவனாலயும் போக முடியாது ஹைரம். பட்டியல்ல முதலிடம். என்னைக்கும்!"

"அவளுக்குப் படிக்கணும்னு ஆசை மேடம்" என்றார் ஹைரம், தலைவரைப் பார்த்து.

"அதனாலதான் அவளைத் தள்றதுல ஒரு கௌரவம் இருக்கு. ஆசையில்லாத முன்னூறு பேரைத் தள்றது யாராலயும் முடியும்" என்றார் தலைவர், கனிவோடு. பிறகு இன்னும் கனிவாக, "உங்க வேலையும் இதுலதான் இருக்கு" என்றார்.

ஹைரம் எழுந்தார். அறங்காவலர்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அதோடு பல்கலைக்கழகமும் போகும், பின்னால் நடக்கும் உத்தியோகமும் போகும். கதவுவரை போனார். வழக்கம்போல அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே போனதால் அவர்களால் அவரிடம் 'ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்க முடிந்தது.

"ஒன்னுமில்ல மேடம்" என்றார். அவ்வளவுதான். நான் அவருக்காகப் பரிந்து பேசப் போவதில்லை.

நிராகரிப்புக் கடிதத்தை எழுதப் பதினொரு பேர் கமிட்டி ஆறு வாரம் உட்கார்ந்தது. மாணவர்களுக்குப் பாடம் எழுதக்கூட இவ்வளவு உழைத்ததில்லை. கெட்டித்தாள், பொன்னிற முத்திரை. 'தங்களை மறுப்பதில் க்ரம்ஹில் பல்கலைக்கழகம் பெருமிதம் கொள்கிறது' என்று தொடங்கும். கோராவின் கடிதத்தை ஹைரமே எடுத்துப்போனார். தபாலில் போட மனம் வரவில்லை.

கோரா படித்தாள். மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள்.

அர்மான் கடிதத்தைக் கையில் வாங்கினார். முத்திரையைத் தடவினார். "அவ்வளவு சனம் வந்துச்சே அன்னைக்கு... ஒருத்தரைக்கூட சேக்கலையா?"

"ஒருத்தரைக்கூட."

"அடேயப்பா." அர்மான் முகத்தில் மெதுவாக ஒரு பிரகாசம் பரவியது. "அவ்வளவு பெரிய எடமா அது? எம்பொண்ணு அங்கயா கேட்டா?"

மறுநாள் தீவனக் கடையில் அர்மான் அந்தக் கடிதத்தைக் கல்லாவில் விரித்துவைத்தார். "என் பொண்ணை வேணாம்னுட்டாங்க. க்ரம்ஹில்ல!"

"எங்க பையனை மாநிலக் கல்லூரியில சேத்துக்கிட்டாங்க" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"பரவால்ல, விடு. எல்லாருக்குமா கெடைக்கும்?" என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார் அர்மான்.

அந்த வசந்தத்தில் பட்டியல் வெளியாயிற்று. நாட்டிலேயே நுழைய மிகக் கடினமான பல்கலைக்கழகம்: க்ரம்ஹில். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். 'இவர்களின் ரகசியம் என்ன?' என்று எழுதினார்கள். அடுத்த அக்டோபரில் ஒற்றர்கள் நிற்க இடமில்லை. ஏனென்றால் நிஜக் குடும்பங்கள் வந்துவிட்டன. நாற்பத்தோராயிரம் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணத்திலேயே புது மணிக்கூண்டு எழுந்தது. இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களையும் பட்டம் கொடுத்து அவசரமாக அனுப்பிவைத்தார்கள். தரத்தைக் கெடுக்கிறார்கள் என்று புகார். இப்போது வகுப்பறைகள் பளிங்குபோல இருக்கின்றன. நாற்பத்தோராயிரம் கெட்டித்தாள் கடிதங்கள் வருஷாவருஷம் போகின்றன. ஜனங்கள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். கல்யாணப் பேச்சில் கூடக் கேட்கிறார்களாம்: "மாப்பிள்ளையை எந்தெந்த இடத்துல தள்ளியிருக்காங்க?"

வேலையில்லாமல் போன பேராசிரியர் க்ராக்கெட் செவ்வாய்க்கிழமைதோறும் பெல்லரோஸ் பண்ணைக்குப் போய்க் கோராவோடு மேற்கு மேய்ச்சலைத் தோண்டினார். இரண்டாம் வருஷம் அங்கே இடுப்பளவு புல். பல்கலைக்கழகத்திலிருந்து உடனே பதிவுத்தபால் வந்தது: 'நிராகரிக்கப்பட்ட ஒருவர் கல்வி பெறுவது ஏனைய நிராகரிப்புகளின் மதிப்பைக் குறைக்கும் என்பதால், இதை உடனே நிறுத்தவும்.' கோரா அதைப் பசுவுக்குக் காட்டினாள். பசு முத்திரையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றது.

ஹைரம்? அவருக்குக் கீழே இப்போது அறுபது வழிகாட்டிகள். ஒரு மாணவனும் இல்லாத வளாகத்தைச் சனிக்கிழமைதோறும் ஆயிரம் குடும்பங்களுக்குக் காட்டுகிறார். போன வாரம் ஒரு தாய் கண்ணீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "எம்பொண்ணுக்கு ஏதாவது வாய்ப்பு இருக்குமா சார்?" அவர் குழுவின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கண்டிப்பா இல்லைங்க" என்றார். அந்தக் குடும்பம் ஆனந்தத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது.

நடந்தது இவ்வளவுதான். நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், தீவனக் கடையில் சொல்லுங்கள், நகரசபைக் கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. என் பேத்தியின் விண்ணப்பமும் அங்கேதான் கிடக்கிறது. கட்டுரையை நானே உட்கார்ந்து நாலு தடவை திருத்திக் கொடுத்தேன். கிழவன் வாயைத் திறந்தான் என்று தெரிந்தால், கோபத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டாலும் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் நான் இந்த ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவது?